சிவப்பு வராத பெட்டி

இராமையா பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு வர நவமணிக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஒன்பது மைல் உள்ளே, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டி இருந்தது அந்தச் செம்பனை எண்ணெய் மில். சம்பவம் நடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. விசாரணை முடியும்வரை மில் ஓடக்கூடாது என்று உத்தரவு. கடைசி லோரிகள் கொட்டிவிட்டுப் போன பழக்குலைகள் மேடையிலேயே அழுகிக் கிடந்தன. அந்தப் புளித்த வாடை மாடியிலிருந்த கண்ணாடி அறைவரை ஏறி வந்தது.

பழக்குலைகளை நீராவியில் அவிப்பதற்கு அங்கே மூன்று இரும்பு உருளைகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு லோரிகளை வரிசையாக நிறுத்திய நீளம். குலைகளை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டி, நாற்பது பவுண்டு அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் நீராவியை விடுவார்கள். அவிந்ததும் நீராவியை வெளியேற்றிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, உள்ளே நீராவி இருக்கும்போதே இரண்டாம் நம்பர் உருளையின் கதவு திறக்கப்பட்டது. திறந்தவர் சன்னாசி. பத்தொன்பது வருடமாக அந்தக் கதவுகளைத் திறந்து மூடியவர். கதவு அவரைத் தூக்கி எறிந்தது. பின்னாலேயே நீராவி வந்தது. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

திறக்கலாம் என்று மாடி ஜன்னலிலிருந்து கை காட்டியவர் இராமையா. கண்ணாடி அறையில் கணினியின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. திரையில் மூன்று பெட்டிகள் இருக்கும், உருளைக்கு ஒன்றாக. உள்ளே நீராவி இருந்தால் பெட்டி சிவப்பு. நீராவி போய்விட்டால் வெள்ளை. வெள்ளையைப் பார்த்துத்தான் கை காட்டினேன் என்று அவர் பதினோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விபத்து நடந்ததும் மில்லின் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டித்துவிட்டார்கள். மறுநாள் ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டரை ஓட்டிக் கணினியைப் போட்டு, உருளைகளில் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது பெட்டிகள் ஒழுங்காகச் சிவந்தன. இராமையாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மாதக் கடைசிக்குள் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தாளும் கொடுத்துவிட்டார்கள். கவனக்குறைவால் மரணம் என்று போலீசுக்குப் போகுமா இல்லையா என்பது விசாரணையின் முடிவில் இருந்தது.

அந்தப் பெட்டிகளை வரைந்தவள் நவமணி. கோலாலம்பூரில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் அவள் புரோகிராம் எழுதினாள். வெறும் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்த திரையில் ஜன்னல்களும் படங்களும் திறக்கும் புதிய முறை அப்போதுதான் வந்திருந்தது. மில்லில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் பார்த்த உடனே புரிந்துகொள்ளட்டும் என்று அவளே யோசித்து உண்டாக்கியவை அந்த நிறங்கள். பிப்ரவரியில் வந்து ஏற்றிக் கொடுத்தபோது, திரையின் பக்கத்தில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு தாளும் எழுதித் தந்திருந்தாள். சிவப்பு: நீராவி உண்டு. வெள்ளை: கதவைத் திறக்கலாம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அன்றைக்கு இராமையாதான் சொன்னார்.

அதற்கு முன்னால் சன்னாசி வேறு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு கதவுக்கும் கீழே விரல் தடிமனில் ஒரு சோதனைக் குழாய் உண்டு. அதைத் திருகித் திறந்து காது கொடுப்பார். சீறினால் காத்திருப்பார். திரை வந்த பிறகு அந்தப் பழக்கம் யாரும் நிறுத்தச் சொல்லாமலேயே நின்றுபோனது. விதிப் புத்தகத்தில் மட்டும் அது இன்னும் இருந்தது.

முதல் நாள் அவள் செய்த சோதனை எளிமையானது. அழுத்தமானியிலிருந்து கணினிக்கு வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு திருகுக் குமிழைப் பொருத்தினாள். குமிழைத் திருப்பினால் அழுத்தம் ஏறுவதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். திருப்பினாள். பெட்டி சிவந்தது. இறக்கினாள். வெளுத்தது. மூன்று பெட்டிகளையும் மும்மூன்று முறை பார்த்தாள். மில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். இராமையா கதவோரம் நின்றார், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல.

"வெள்ளையாத்தான்மா இருந்துச்சு. அவியிற நேரமும் கிட்டத்தட்ட முடிஞ்சிருந்துச்சு, அஞ்சு பத்து நிமிசம் முன்னப்பின்ன ஆவும். நான் பாக்காம கை காட்டல."

நவமணி தலையாட்டினாள். அவர் விடவில்லை.

"அன்னிக்கு விடியக்காலையிலேர்ந்தே அந்த எழுத்தெல்லாம் வேற மாதிரி ஆயிருச்சுமா. தடிதடியா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. சன்னாசி தண்ணி குடிக்க மேல வந்தவன் பாத்துட்டு, என்னாண்ணே உங்க கம்பியூட்டரு ராத்திரி கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்துருச்சான்னு சிரிச்சான்."

பொய்க்கு ஜோடனை சேர்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவளுடையதுதானா, வீட்டிலிருந்து வந்ததா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. அவள் அப்பா கந்தையா முப்பத்தொரு வருடம் எஸ்டேட்டில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். லேபர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் சொல்லும் என்பது அவர் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட செய்தி. மேனேஜர் எழுத்தில் ஒரு வார்த்தை தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். கீழே அலுவலகத்தில் தட்டச்சுக்காரி தயாராக இருந்தாள். புரோகிராமைப் பரிசோதித்தேன், பிழை எதுவும் இல்லை, திரை காட்டிய நிறம் சரியானதாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லி அடிக்கவைத்துக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்திடும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்க்காமல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கோலா சிலாங்கூரில் அப்பா வீட்டில் தங்கினாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஆற்றோரம் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடியிருந்தார். மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே சம்பவத்தைக் கேட்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

"தீபாவளிக்கு மில்லை ரெண்டு நாள் பூட்ட வேணும் எண்டு லேபர் கேக்கும். கொம்பெனி, அப்ப அதுக்கு முந்தின கிழமை நிப்பாட்டாமல் ஓட்டுங்கோ எண்டு சொல்லும். என்ரை காலத்திலையே அப்பிடித்தான். மூண்டு நாள் இரவு பகலா வேலை செய்தவன் அரை நித்திரையிலை என்னத்தைக் கண்டானோ."

"நிப்பாட்டாமல் எண்டால்? ஒருக்காலும் நிப்பாட்டாமலோ?"

"ஓம் பிள்ளை. மற்ற நாளிலை பொழுதுபட மில் நிண்டால், பத்து மணிக்கு லயத்து லைட்டும் போயிடும். அந்தக் கிழமை மட்டும் விடிய விடிய லைட் எரியும். சனம் பலகாரம் சுடும்."

நவமணி கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த மில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொண்டது. மில் நின்றால் மின்சாரமும் நிற்கும். மின்சாரம் நின்றால் கணினியும் அணைந்துவிடும். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு நாளும் அது அணைந்து மறுநாள் காலை புதிதாகத் தொடங்கியிருக்கிறது. முதல்முறையாக அந்தத் தீபாவளி வாரத்தில், மில் பதிவேட்டில் அவள் மேலோட்டமாகப் பார்த்திருந்த கணக்குப்படி செவ்வாய்க்கிழமை விடியலிலிருந்து வியாழக்கிழமை விடியல்வரை, அணையாமல் ஓடியிருக்கிறது. அவள் சோதித்ததோ காலையில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டி அப்போதுதான் போட்ட கணினியை.

எழுத்தெல்லாம் தடிதடியா ஆயிருச்சுமா.

ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்வதென்றால் நிறத்தைப் பற்றிச் சொல்லுவான். எழுத்தின் வடிவத்தைப் பற்றி எதற்காகச் சொல்லப்போகிறான்? அதனால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. புரோகிராமுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருத்திக்கு மட்டும்தான் அதில் அர்த்தம் இருக்கும். அந்த ஒருத்தி முதல் நாள் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டியிருந்தாள்.

அன்றைக்கே பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போனாள்.

திரையில் ஒரு பெட்டிக்கு நிறம் பூச வேண்டுமானால் புரோகிராம் கணினியிடம் ஒரு தூரிகை கேட்க வேண்டும். கணினி தன் நினைவில் சின்னதாக ஓர் இடத்தை ஒதுக்கி, அந்த நிறத்தில் ஒரு தூரிகையைச் செய்து தரும். பூசி முடித்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எழுத்துருவுக்கும் அப்படித்தான், கோடு போடும் பேனாவுக்கும் அப்படித்தான். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு சிறிய அறை. திருப்பித் தராதவை அங்கேயே கிடக்கும். யாரும் வந்து கூட்டிப் பெருக்க மாட்டார்கள். கணினியை அணைத்தால் மட்டும் எல்லாம் ஒரேயடியாகக் காலியாகும்.

அறை நிரம்பிவிட்டால் கேட்டது கிடைக்காது. கணினி கூச்சல் போடாது. தூரிகைக்குப் பதிலாக ஒரு சைபரைத் தரும், அவ்வளவுதான். அந்தச் சைபரைக் கவனித்து ஏதாவது செய்வது எழுதியவளின் பொறுப்பு. நவமணி அதைக் கவனிக்கும்படி எழுதியிருக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், கணினியிடம் எப்போதும் இருக்கிற தூரிகையாலேயே பெட்டி பூசப்படும். எப்போதும் இருக்கிற தூரிகையின் நிறம் வெள்ளை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் புரோகிராமை அச்சடித்த நெடுந்தாளை விரித்துவைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் வரி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடினாள். எங்கேயும் விட்டுப்போயிருக்கவில்லை. ஒவ்வொரு பேனாவுக்கும் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் அந்த வரி இருந்தது. சிவப்புத் தூரிகைக்கும் இருந்தது. மூன்றுமுறை படித்தாள். மூன்றாவது முறை அவளுக்குள் மறுபடியும் அந்த நிம்மதி எட்டிப் பார்த்தது. இல்லை என்றால் இல்லைதானே, இராமையா தூங்கியிருப்பார், அப்பா சொன்னதுதான் சரி என்று மனம் விரைவாகக் கணக்குத் தீர்க்கப் பார்த்தது. தன் மனம் எவ்வளவு ஆசையோடு அந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

தாளை மூடிவிட்டுப் புரோகிராமையே ஓடவிட்டாள். நீராவி இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைப் புதிதாகப் பூசும்படி எழுதியிருந்ததை, வினாடிக்கு ஒருமுறை என்று மாற்றினாள். குமிழைத் திருப்பி மூன்று பெட்டிகளையும் சிவப்பாக்கினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஏழாவது நிமிடத்தில் பெட்டிகளின் கீழிருந்த எழுத்துகள் துள்ளின. மெல்லிய எழுத்துகள் போய்த் தடித்த எழுத்துகள் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்த எழுத்துகள். எட்டாவது நிமிடத்தில் இரண்டாம் பெட்டி வெளுத்தது. அடுத்த வினாடியே மற்ற இரண்டும் வெளுத்தன. குமிழ் நாற்பது பவுண்டில் நின்றது.

பக்கத்து மேசைப் பையன்கள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, அறையில் என்ன கிடக்கிறது என்று காட்டும் சிறிய கருவியை ஓட்டிப் பார்த்தாள். தூரிகை, தூரிகை, தூரிகை என்று திரை முழுக்க உருண்டது. ஆயிரத்து நானூறு சொச்சம் தூரிகைகள். எல்லாம் சிவப்பு. திருப்பிக் கொடுக்கும் வரி இருந்தும் ஒன்றுகூடத் திரும்பிப் போயிருக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிடித்துக்கொண்டிருக்கும் தூரிகையைக் கணினி திரும்ப வாங்காது. முதலில் கையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும், அப்புறம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டு இறக்கிவைத்திருந்தாள். இரண்டு வரிகள் முன்பின்னாக மாறியிருந்தன. வேறொன்றுமில்லை. இல்லாத வரியைத் தேடிய கண்ணுக்கு, இருக்கிற வரி இடம் மாறியிருப்பது தெரியவில்லை.

நீராவி இருந்த ஒவ்வொரு ஐந்து நிமிடமும் பெட்டிக்கு ஒரு தூரிகை வீணாகியிருக்கிறது. மில் நின்று ஓடிய நாட்களில் ஒரு நாளைக்கு நானூறுக்கு மேல் சேராது, இரவில் காலியாகிவிடும். நிற்காமல் ஓடினால் அந்த அறை நிரம்ப ஐம்பது மணி நேரம். செவ்வாய் காலை நாலரைக்குத் தொடங்கினால் வியாழன் காலை ஆறரை. அவள் பென்சிலைக் கீழே போட்டாள். ஆபத்தைக் காட்டக் காட்ட அந்தத் திரையிலிருந்து ஆபத்தின் நிறம் தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வெறுமையாக இருந்தால் பயமில்லை என்று அவள்தான் அதற்கு அர்த்தம் வைத்தாள். ஒன்றுமே வரையப்படாத திரையும் வெறுமையாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

கம்பெனியை நடத்திய சிவானந்தம் கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு முழுக்கக் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சன்னாசிக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூடக் கேட்டார். அதன் பிறகுதான் பேசினார்.

"ரெண்டு வரிதானே? மாத்திப் போட்டு ஒரு புது டிஸ்க் பண்ணுங்க. வியாழக்கிழமை விசாரணைக்கு முன்னாடி போயி ஏத்திட்டு வந்துடுங்க."

"இராமையா?"

"நவமணி, யோசிச்சுப் பாருங்க லா. நம்ம புரோகிராம் கதவைத் தொறக்கல. குழாயைத் தொறந்து பாக்கணும்னு ரூல் இருக்கு, யாரும் பாக்கல. நீங்க எழுதிக் குடுத்த ரிப்போர்ட்ல உங்க பேரு இருக்கு. இப்பப் போயி நான்தான்னு சொன்னா, அப்புறம் யாரு உங்களை நம்பி ஒரு வரி எழுதச் சொல்லுவாங்க?"

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதுதான் அவளை வாட்டியது. முழுப் பொய்யாக இருந்தால் உதறிவிட்டு எழுந்திருக்கலாம். வரிகளை மாற்றினாள். சைபர் வந்தால் திரை முழுக்க எச்சரிக்கை எழுதும்படியும் செய்தாள். புது டிஸ்கைப் பையில் வைத்தாள். அதை ஏற்றிவிட்டால் பழைய புரோகிராம் அழிந்துபோகும். அதன் பிறகு அந்த மில்லில் எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தாலும் பெட்டி சிவப்பாகவே இருக்கும். இராமையா சாகும்வரை பொய்யராகவே இருப்பார். அவள் பையில் வைத்திருந்தது பழுதுநீக்கம் மட்டுமல்ல.

புதன்கிழமை அப்பா வீட்டுக்கு வந்து படுத்தவள், விடியும்வரை தன்னை நியாயப்படுத்தும் வாதங்களைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். அவை அவளுடைய குரலில்தான் பேசின. அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம்கூட அத்தனை பெரிதாக இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து தப்பே செய்யாத பிள்ளை என்று ஒரு பெயர் அவளுக்கு இருந்தது. அந்தப் பெயரை அவள் யாருக்கும் தெரியாமல் எவ்வளவு நேசித்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேசத்தின் எதிரில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது.

விசாரணை மில் அலுவலகத்தில் நடந்தது. அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு மலாய்க்காரர், மெதுவாகப் பேசும் மனிதர். மேனேஜர் அவள் கொடுத்திருந்த தாளைப் படித்துக் காட்டினார். இராமையா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்பு போலக் கேட்ட கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. வெள்ளையைப் பார்த்தீரா என்று அதிகாரி கேட்டபோது, பார்த்ததாகத்தான் நினைத்தேன், ஒருவேளை என் கண் சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் அந்த மனிதர் தன் கண்ணையே நம்பாதவராகிவிட்டார். அவரை அப்படி ஆக்கிய தாள் மேசைமேல் கிடந்தது.

நவமணி எழுந்தாள். அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மலாயில் சொன்னாள். மில்லில் இருக்கும் பழைய புரோகிராமை இங்கேயே ஓட்டிக் காட்ட எனக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்றாள். மேனேஜர் உங்கள் முதலாளிக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார்.

ஐந்து நிமிடம் என்றிருந்த ஓர் எண்ணை வினாடியாக மாற்றியதை அதிகாரிக்குக் காட்டிவிட்டு, புரோகிராமில் வேறொன்றையும் தொடாமல், இராமையாவை அவருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் தயங்கினார். அதிகாரி கை காட்டிய பிறகு உட்கார்ந்தார். முன்பு போலவே குமிழைப் பொருத்தி நாற்பதுக்குத் திருப்பினாள். மூன்று பெட்டிகளும் சிவந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை. இராமையாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நரைத்த மயிர் காலரின்மேல் வெட்டாமல் வளர்ந்திருந்தது.

எழுத்துகள் தடித்தபோது அந்தப் பிடரி நிமிர்ந்தது.

"இதான்," என்றார். "இப்படித்தான் இருந்துச்சு."

பெட்டிகள் வெளுத்தன. குமிழின் முள் நாற்பதில் நிற்பதை அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தன் தாளில் எழுதினார். கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன், போலீசுக்குப் போக இதில் ஒன்றும் இல்லை என்றார். குழாயைத் திறந்து பார்க்காமல் எந்தக் கதவும் இனித் திறக்கக் கூடாது, இந்தத் திரையை அணைத்துவிடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். வேலையும் வீடும் நிர்வாகத்தின் விஷயம் என்றார். மேனேஜர், வீட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். நவமணியின் கம்பெனிக்குத் தொலைபேசி பண்ண வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார்.

அதிகாரியும் போன பிறகு அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். இராமையா அணைந்த திரையின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இது எப்போலேர்ந்துமா இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"யாரு செஞ்ச தப்பு?"

"நான் செஞ்சது."

அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

"முந்தாநேத்து நல்லம்மாகிட்ட போயி ஒத்துக்கிட்டேன்," என்றார். நல்லம்மாள் சன்னாசியின் மனைவி. "உன் புருசன என் கண்ணுதான் கொன்னுச்சு, நான் தப்பாப் பாத்துட்டேன்னு காலுல விழுந்தேன். உங்க பேப்பர் வந்த பிறகு எனக்கே அப்படித்தான்னு ஆயிருச்சு. அவ கதவ சாத்திட்டா. ரெண்டு வீடும் ஒரே செவுரு. இருபது வருசமா ஒரு அடுப்புல காய்ச்சுன மாதிரி இருந்தோம். இப்ப நான் மட்டும் போயி, இல்ல, என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா அவ எப்புடி நம்புவா? நீங்க வந்து சொல்லுங்க."

அவள் போனாள்.

வெயில் ஏறியிருந்தது. மில்லிலிருந்து லயத்துக்குப் பத்து நிமிட நடை. இராமையா முன்னால் நடந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல். என்ன சொல்வது என்று நவமணி வழியெல்லாம் வார்த்தை தேடினாள். தூரிகை என்றா சொல்வது? கையிலிருந்து இறக்குவதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றா? அந்த இரண்டு வரிகளுக்கும் ஒரு மனிதன் வெந்துபோனதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்தச் சொல்லால் கடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நல்லம்மாள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இராமையாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். நவமணி அவளை நிற்கச் சொன்னாள். தான் யார் என்று சொன்னாள். அந்தப் பெட்டிகளைத் தானே எழுதியதாகவும், அதில் தப்பு இருந்ததாகவும், அன்றைக்கு உள்ளே நீராவி இருந்தும் பெட்டி வெள்ளையாகத்தான் நின்றது என்றும், இராமையா கண்டது உண்மை என்றும் சொன்னாள். பிழை கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் பொய் சொல்வதாக எழுதிக் கொடுத்ததும் தானே என்று சொன்னாள். மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அதைக் கேட்பதும் தனக்கு ஒரு நிம்மதி தேடுவதுதான் என்று பட்டது.

நல்லம்மாள் பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். நீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சொல்றது எனக்கு வெளங்கல. ஒண்ணு மட்டும் சொல்லு. அண்ணன் கண்ணுல கோளாறு இல்லையா?"

"இல்லை."

"தூங்கல?"

"தூங்கல. அவரு சரியாத்தான் பாத்தாரு."

நல்லம்மாள் துணியைக் கொடியில் போட்டாள். போட்ட துணியை இழுத்து நேராக்கினாள். பிறகு இராமையாவின் பக்கம் திரும்பி, "உள்ள வாண்ணே. கஞ்சி இருக்கு," என்றாள். அவர் படியில் ஏறும்போது கால் தடுக்கியது. நல்லம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும் அவருடைய அழுகை கேட்டது, அவ்வளவு நாளும் அடக்கியிருந்த ஒரு பெரிய ஆளின் அழுகை.

நவமணி ஓரடி முன்னால் வைத்தாள்.

நல்லம்மாள் வாசலுக்குத் திரும்பி வந்தாள். கோபம் அவள் முகத்தில் இல்லை. ஒரு வேலையை முடிக்க வந்தவள்போல இருந்தாள்.

"நீ வராத," என்றாள்.

கதவைச் சாத்தினாள். நவமணி அந்த மூடிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பஸ் நிற்கும் சாலையை நோக்கி, செம்மண் பாதையின் நடுவே, எல்லோரும் பார்க்க நடந்து போனாள்.